கொடியசைக்கும் கோமான்களே, வாழ்க!

ஒரே ஒரு சுற்றில் ஒரு பந்தயத்தைத் தொடங்கி, முடித்து, வென்றவரை மேடையேற்றிக் கோப்பையும் கொடுத்தனுப்பும் ஆற்றல் இந்த உலகில் யாருக்கு உண்டு? ஃபார்முலா 1 பந்தயங்களை ஆளும் பெரியோர்களே, உங்களுக்குத்தான் உண்டு. 2021 ஆகஸ்ட் 29 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா-ஃப்ராங்கோஷாம்ப் தடத்தில் அதைச் செய்து காட்டினீர்கள். 44 சுற்று ஓட வேண்டிய பந்தயம் அது. பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். மழை விடவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் எல்லாரையும் காக்க வைத்து, மாலை ஆறே கால் மணிக்கு மேல் கார்களை வெளியே அழைத்து, சேஃப்டி காருக்குப் பின்னால் வரிசையாக ஊர்வலம் விட்டீர்கள். சில நிமிடங்களில் சிவப்புக் கொடி வந்தது. முடிவுக்கு நீங்கள் எடுத்துக்கொண்டது முதல் சுற்றை மட்டுமே. தூரம் ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. வென்றவராக அறிவிக்கப்பட்ட மேக்ஸ் வெர்ஸ்டப்பனின் நேரம் மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. அன்று ஒருவரும் ஒருவரையும் முந்தவில்லை. சேஃப்டி காருக்குப் பின்னால் முந்தக் கூடாது என்பதுதானே விதி!

மழைக்கு அஞ்சி நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே தடத்தில் 2019இல் ஆந்துவான் ஹியூபெர் என்ற இளம் ஓட்டுநர் உயிரிழந்தார். 2023இல் மழை ஈரத்தில் டிலானோ வான் ட் ஹாஃப் என்ற பதினெட்டு வயதுப் பையனும் அங்கேதான் போனான். ஆகவே நிறுத்தியது சரி. உங்கள் மேதைமை வெளிப்பட்டது நிறுத்தியதில் அல்ல. நடக்காததை நடந்ததாக எழுதிக்கொண்டதில். இரண்டு சுற்றுக்கு மேல் ஓடிவிட்டால் பாதிப் புள்ளி வழங்கலாம் என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ஓட்டுநர்கள் பந்தயம் ஓட முடியாத இடத்தில் அந்த வரி மட்டும் ஓடி ஜெயித்தது. நாள் முழுக்க நனைந்த மக்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று லூயிஸ் ஹாமில்டன் வெளிப்படையாகக் கேட்டார். அவர் மூன்றாம் இடத்துக்கான புள்ளியை வாங்கிக்கொண்டவர், ஆனாலும் கேட்டார். சோறு போடாமல் இலையை மட்டும் விரித்துக் காட்டிவிட்டு மொய்யை எழுதிக்கொண்ட கல்யாண வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க வைத்தீர்கள். நன்றி.

பாடம் கற்கும் பண்பும் உங்களிடம் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்பாவுக்குப் பிறகு விதியைத் திருத்தினீர்கள். சேஃப்டி கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றாவது ஓடினால்தான் புள்ளி, ஓடிய தூரத்துக்கு ஏற்பப் படிப்படியாகப் புள்ளி என்று அழகாக எழுதினீர்கள். அடுத்த ஆண்டே, 2022 அக்டோபர் 9 அன்று, ஜப்பானின் சுசூகாவில் அந்த விதிக்குச் சோதனை வந்தது. 53 சுற்றில் 28 மட்டுமே ஓட முடிந்தது. முழுப் புள்ளி கிடைக்காது என்று அணிகள் நினைத்தன; தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் நினைத்தார்கள்; வெர்ஸ்டப்பனும் நினைத்தார். நின்ற பந்தயம் மறுபடி தொடங்காமல் போனால் மட்டுமே புள்ளி குறையும் என்று நீங்கள் எழுதி வைத்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பந்தயம் மறுபடி தொடங்கி முடிந்ததால் முழுப் புள்ளி. கடைசி வளைவில் தவறு செய்த ஷார்ல் லெக்லேருக்கு ஐந்து நொடித் தண்டனை விழ, வெர்ஸ்டப்பன் உலகச் சாம்பியன் ஆனார். அது அவருக்கே பேட்டியின் நடுவில்தான் தெரிந்தது. இவ்வளவு வேகமான கார்களை வைத்துக்கொண்டு சாம்பியன் பட்டத்தை இவ்வளவு மெதுவாகக் கொண்டு சேர்க்க உங்களால்தான் முடியும்.

ஆனால் அந்த நாளில் நீங்கள் நிகழ்த்திய பெரிய சாதனை அது அல்ல. முதல் சுற்றிலேயே கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி சுவரில் மோதி நின்றது. அதை அப்புறப்படுத்த, கொட்டும் மழையில், முன்னால் போகும் கார் கிளப்பும் நீர்த்திரையில் எதுவுமே தெரியாத அந்தத் தடத்தில், கார்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மீட்பு டிராக்டரை இறக்கினீர்கள். பிட்டுக்குப் போய்விட்டு வரிசையைப் பிடிக்க வந்துகொண்டிருந்த பியர் கேஸ்லி, அந்த டிராக்டரை மிக அருகில் கடந்து போனார். ரேடியோவில் அவர் எழுப்பிய குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இடம் சுசூகா என்பதைக் கவனிக்க வேண்டும். 2014 அக்டோபர் 5 அன்று, இதே சுசூகாவில், இதே போன்ற மழையில், இன்னொரு காரை அகற்ற வந்த மீட்பு வண்டியில் மோதித்தான் ஜூல்ஸ் பியாங்கி விழுந்தார். ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து, 2015 ஜூலையில் இறந்தார். அவரும் பிரான்ஸ்காரர், கேஸ்லியும் பிரான்ஸ்காரர். உலகத்தில் எந்தத் தடத்தில் மறந்தாலும் சுசூகாவில் மறக்கக் கூடாத ஒன்றை அங்கேயே மறந்தீர்கள். மறந்தபின் விசாரணையும் நடத்தினீர்கள். தண்டனை யாருக்கு? கேஸ்லிக்கு. சிவப்புக் கொடி விழுந்த பிறகு வேகமாக ஓட்டினாராம். 20 நொடி கூட்டினீர்கள்; உரிமத்தில் இரண்டு தண்டனைப் புள்ளியும் சேர்த்தீர்கள். அவர் வேகமாகப் போனது உண்மை, அது தவறும்தான். ஆனால் செத்துப் பிழைத்தவனைக் கூப்பிட்டு வேகத்தை மட்டும் அளந்து பார்த்த உங்கள் துலாக்கோலின் நுட்பத்தை நான் எந்த நீதிமன்றத்திலும் கண்டதில்லை.

ஒழுக்கம் காப்பதிலும் உங்களுக்கு நிகர் நீங்களே. 2024 செப்டம்பரில் சிங்கப்பூரில் செய்தியாளர் கூட்டத்தில் தன் காரைப் பற்றி வெர்ஸ்டப்பன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மனிதரைத் திட்டவில்லை, காரைத் திட்டினார். பொதுநலப் பணி செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தீர்கள். ருவாண்டாவின் கிகாலியில் அதைச் செய்து முடித்தார். அடுத்து மெக்சிகோவில் வாய் தவறிய லெக்லேருக்கு 10,000 யூரோ அபராதம்; அதில் பாதியை நிறுத்தி வைத்தீர்கள். 2025 ஜனவரியில் இதற்கென ஒரு விலைப்பட்டியலே வெளியிட்டீர்கள். ஃபார்முலா 1 ஓட்டுநருக்கு முதல் முறை 40,000 யூரோ; மூன்றாம் முறை 1,20,000 யூரோவும் ஒரு மாதத் தடையும். மே மாதம் அதைத் தளர்த்திக்கொண்டீர்கள். இந்த அபராதப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று ஓட்டுநர் சங்கம் 2024இலேயே கடிதம் எழுதிக் கேட்டிருந்தது. தங்களைப் பெரியவர்களாக நடத்த வேண்டும் என்றும் கேட்டிருந்தது. 300 கிலோமீட்டர் வேகத்தில் உயிரைப் பணயம் வைப்பவர்களின் நாக்கைத்தான் முதலில் காக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது பெருந்தன்மை.

2021 டிசம்பர் 12, அபுதாபி. அதைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. நான் சுருக்கமாகவே வணங்கிவிடுகிறேன். ஹாமில்டனும் வெர்ஸ்டப்பனும் தலா 369.5 புள்ளியுடன் வந்த கடைசிப் பந்தயம். 58 சுற்றில் 53ஆம் சுற்றில் நிக்கோலஸ் லடீஃபி மோதினார். ஒரு சுற்று பின்தங்கிய கார்களில் எல்லாவற்றையும் அல்ல, முன்னணி இருவருக்கும் நடுவில் நின்ற ஐந்தை மட்டும் விலக்கி, கடைசி ஒரே சுற்றுக்குப் பச்சைக் கொடி காட்டினார் பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி. புது டயரோடு இருந்த வெர்ஸ்டப்பன் பழைய டயரோடு இருந்த ஹாமில்டனை முந்தினார். முந்தியவர் மீது குற்றமில்லை. வாய்ப்பு கிடைத்தால் முந்துவதுதான் அவர் தொழில். மூன்று மாதம் கழித்து உங்கள் அறிக்கை அதை மனிதத் தவறு என்றது. முடிவு மாறாது என்றும் சொன்னது. மாசி அதற்கு முன்பே பதவி இழந்திருந்தார். தவறை ஒப்புக்கொண்டும் அதன் பலனைத் தொடாமல் விட்டும், ஒரே அறிக்கையில் இரண்டு புண்ணியத்தைத் தேடிக்கொண்டீர்கள்.

விருந்தோம்பலுக்கு லாஸ் வேகாஸ். 2023 நவம்பரில் அந்த நகரத்தின் நெடுஞ்சாலையைப் பெரும் பொருட்செலவில் தடமாக்கி உலகத்தை அழைத்தீர்கள். முதல் பயிற்சி தொடங்கிச் சில நிமிடத்தில் சாலையில் இருந்த நீர் வால்வு மூடி ஒன்று பெயர்ந்து சைன்ஸின் காரை அடியோடு உடைத்தது. சாலை உங்களுடையது, மூடி உங்களுடையது, தண்டனை சைன்ஸுடையது: உடைந்த பேட்டரியை மாற்றியதற்காகப் பத்து இடம் பின்னால் நிறுத்தினீர்கள். விலக்களிக்க எங்களுக்கு அதிகாரம் இருந்திருந்தால் அளித்திருப்போம் என்று நடுவர்களே எழுதினார்கள். அடுத்த பயிற்சி அதிகாலை இரண்டரை மணிக்கு நடந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை. காத்திருந்த மக்களை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே அனுப்பியிருந்தீர்கள். வியாழக்கிழமைக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர்களுக்கு, உங்கள் கடையிலேயே செலவழிக்க 200 டாலர் சீட்டு கொடுத்தீர்கள். நீண்ட விளக்க அறிக்கை வந்தது. அதில் மன்னிப்பு என்ற சொல் மட்டும் இல்லை.

மொனாக்கோவுக்கும் ஒரு வரி உண்டு. 2024இல் முதல் பத்துப் பேரும் கிளம்பிய வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். அதைச் சரிசெய்ய 2025இல் எல்லாரும் இரண்டு முறை டயர் மாற்றியாக வேண்டும் என்று ஆணையிட்டீர்கள். விளைவு, ரேசிங் புல்ஸ், வில்லியம்ஸ் அணிகள் ஒரு காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பின்னால் வருவோரை அடைத்து, தங்கள் இன்னொரு காருக்கு வழி செய்துகொண்டன. வேகப் போட்டியில் மெதுவாகப் போவதற்குப் புள்ளி வாங்கித் தந்த விதி அது.

இதுவரை ஆட்சியாளர்களைப் புகழ்ந்தேன். அணித் தலைவர்களை விட்டுவிட்டால் பாவம் வரும். அதிலும் ரெட் புல் அணி இளைஞர்களை வளர்க்கும் அருமையைத் தனியே சொல்ல வேண்டும். அங்கே வெர்ஸ்டப்பனுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை உண்டு. அந்த இருக்கையில் உட்காரும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது! வெர்ஸ்டப்பன் வருவதற்கு முன்பே வழக்கம் தொடங்கிவிட்டது: 2016இல் டேனில் குவியட் சீனாவில் மூன்றாம் இடம் பிடித்து மேடையேறினார். அடுத்த பந்தயம் அவர் சொந்த நாடான ரஷ்யாவில். அது முடிந்ததும் இருக்கை போயிற்று. அவர் இடத்தில்தான் வெர்ஸ்டப்பன் வந்து உட்கார்ந்தார், அந்த அணியில் தன் முதல் பந்தயத்தையே வென்றார். அன்றிலிருந்து அணித் தலைமைக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது போலும்: ஆளை மாற்றினால் வெற்றி வரும் என்று. 2019இல் கேஸ்லிக்குப் பன்னிரண்டு பந்தயம் கொடுத்தார்கள். அவர் ரெட் புல்லின் சின்ன அணிக்குத் திரும்பி 2020இல் மோன்சாவில் வென்றார். அடுத்து வந்த அலெக்ஸ் ஆல்பன் ஒன்றரை ஆண்டு தாங்கினார். இன்று வில்லியம்ஸின் முதுகெலும்பு அவர். செர்ஜியோ பெரஸுக்கு 2024 ஜூனில் 2026 வரை ஒப்பந்தத்தை நீட்டித்து, அதே ஆண்டு டிசம்பரில் விடைகொடுத்தார்கள்.

அதன்பின் லியாம் லாசன். நியூசிலாந்துப் பையன். 2025இன் முதல் இரண்டு பந்தயங்கள் மெல்போர்னிலும் ஷாங்காயிலும். இரண்டிலும் தடுமாறினார். அதை மறைக்க வேண்டியதில்லை; ஷாங்காய் தகுதிச் சுற்றில் கடைசியில் நின்றார். மூன்றாவது சுசூகா. ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் முழு ஆண்டு ஓட்டிய அவருக்கு நன்றாகப் பழகிய தடம். அங்கே போவதற்கு முன்பே அவரை இறக்கி, யூகி சுனோடாவை ஏற்றினார்கள். இரண்டே இரண்டு பந்தயம்! சிறு வயதிலிருந்து வீட்டை விட்டு, நாட்டை விட்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்த ஒருவனின் தகுதியை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எடை போட்டுவிடும் அந்தக் கண்ணுக்கு என்ன சுத்திப் போடுவது? சுனோடாவும் அந்த ஆண்டைத் தாண்டவில்லை. 2026க்கு ஐசக் ஹாஜரை அழைத்துக்கொண்டார்கள். பத்தாண்டுகளில் இத்தனை பேர் ஒரே காரில் தோற்றிருக்கிறார்களே, கோளாறு காரில் இருக்குமோ என்ற ஐயம் அத்தனை காலமும் அங்கே ஒருவர் மனத்தையும் கலக்காமல் இருந்தது. அது ஞானிகளுக்கே வாய்க்கும் உறுதி.

ரெட் புல்லின் சின்ன அணியிலிருந்து டேனியல் ரிக்கார்டோவை அனுப்பிய விதம் இதைவிட உயர்வு. 2024 சிங்கப்பூரில் அதுதான் தன் கடைசிப் பந்தயம் என்று அவர் முகம் சொன்னது; அணி சொல்லவில்லை. கடைசியாக வந்துகொண்டிருந்த அவரைப் புது டயர் போட்டு அனுப்பினார்கள். அன்றைய அதிவேகச் சுற்றை ஓட்டினார். லாண்டோ நோரிஸுக்குப் போக வேண்டிய ஒரு புள்ளி அதனால் தடுக்கப்பட்டது. பட்டப் போட்டியில் வெர்ஸ்டப்பனுக்கு அது உதவி. வேலையை வாங்கிக்கொண்டு சில நாள் கழித்து அறிவித்தார்கள். எட்டுப் பந்தயங்களை வென்ற மனிதருக்கு ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பும் வாய்ப்பு அப்படிப் போயிற்று.

அமெரிக்காவையும் விட்டுவிட முடியாது. இண்டிகார் தொடருக்கும் இண்டியானாபொலிஸ் தடத்துக்கும் முதன்மை உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கே. அதே தொடரில் ஓடும் வலிமையான அணிக்கும் அவரே உரிமையாளர். 2024இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பந்தயத்தை வென்ற அவர் அணியின் ஜோசப் நியூகார்டன், எல்லாருக்கும் பூட்டியிருந்த கூடுதல் விசைப் பொத்தானைப் பயன்படுத்தியது தெரிந்து வெற்றி பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இண்டி 500 தகுதிச் சுற்றில் அதே அணியின் இரண்டு கார்களில் விதிக்கு மாறாகத் திருத்தப்பட்ட பாகம் அகப்பட்டது. மூன்று மூத்த அதிகாரிகளை பென்ஸ்கே நீக்கினார். ஆடுவதும் ஆட்டத்தை நடத்துவதும் ஒரே வீடு என்றிருந்தும் பிடிபட்டார்களே என்று நான் பரிசோதகர்களை மனதாரப் பாராட்டுகிறேன். இந்தப் பாராட்டுக்குள் வேறு எதுவும் இல்லை.

அமெரிக்காவின் இன்னொரு தொடரான நாஸ்காரின் நியாயம் அதைவிட எளிமையானது. 2025 நவம்பரில் ஃபீனிக்ஸ் தடத்தில் இறுதிப் பந்தயம். டென்னி ஹாம்லின் 208 சுற்று முன்னணியில் ஓடினார். அறுபது பந்தயங்களை வென்றும் ஒரு பட்டம்கூடக் கிடைக்காதவர். முடிய மூன்றே சுற்று இருக்கும்போது இன்னொரு காரின் டயர் வெடித்து மஞ்சள் கொடி விழுந்தது. கடைசியில் பட்டம் கைல் லார்சனுக்கு. அந்தப் பந்தயத்தில் அவர் ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடவில்லை. மே மாதத்துக்குப் பிறகு ஒரு பந்தயமும் வென்றிருக்கவில்லை. லார்சன் திறமைசாலி, ஐயமே இல்லை. ஆண்டு முழுக்க ஓட வைத்துவிட்டு ஆண்டையே ஒரு மாலைக்குள் சுருட்டிவிட்ட அந்த முறையைக் கண்டுபிடித்தவர்தான் வணக்கத்துக்குரியவர். 2026க்கு அந்த முறையைக் கைவிட்டார்கள். ஹாம்லினுக்கு அது உதவாது.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு பழைய கடனையும் நினைவூட்டி நன்றி சொல்ல வேண்டும். ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் கோயம்புத்தூரில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன். அவர் புள்ளி பெற்றது ஒரே ஒரு பந்தயத்தில். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். சாய்வான 13ஆம் வளைவில் தன் டயர் தாங்காது என்று மிஷலின் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அங்கே வேகத்தைக் குறைக்க ஒரு தடுப்பு வளைவு வைக்கக் கேட்டது. நீங்கள் மறுத்தீர்கள். மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் தொடக்கச் சுற்று முடிந்ததும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிச்சம் ஆறு கார்கள். கூட்டம் கூச்சலிட்டது; பாட்டில்கள் தடத்தில் விழுந்தன. அந்த ஆறு காரில் ஒன்றை ஓட்டி நாராயண் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். ஃபெராரிகள் இரண்டுக்கும் தன் அணித் தோழருக்கும் பின்னால், தவறு ஏதும் செய்யாமல் முடித்த ஓட்டம் அது. ஆனால் ஒரு நாட்டின் முதல் புள்ளியைக் கேட்டவர்கள் எல்லாம் சிரிக்கும்படியான நாளில் எடுத்துக் கொடுத்தீர்கள். கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் இன்றும் கார்ட் ஓட்டும் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாளைப் பற்றி நான் உள்ளொன்று வைக்காமல் புகழ ஒரு செயல் உண்டு. மிஷலின் நிறுவனம் டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டையும் தானே வாங்கி, அவர்களுக்கே கொடுக்க ஏற்பாடு செய்தது. டயர் செய்கிறவனுக்குத் தோன்றியது அது. பதினாறு ஆண்டு கழித்து ஸ்பாவில் பந்தயம் நடத்துகிறவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே பெரியோர்களே, இத்தனை புகழுக்கும் கைம்மாறாக மூன்றே வரி கேட்கிறேன். பச்சைக் கொடியில் பந்தயம் ஓடாவிட்டால் டிக்கெட் பணம் முழுதும் திரும்ப வரும் என்று ஒரு வரி. தடத்தில் ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தாலும் மழையில் மீட்பு வண்டி இறங்காது என்று ஒரு வரி. ஒப்பந்தம் போட்ட ஓட்டுநரை ஒரு பருவத்தின் பாதியாவது முடியும் முன் இருக்கையிலிருந்து எழுப்பக் கூடாது என்று ஒரு வரி. கெட்ட வார்த்தைக்கு விலைப்பட்டியல் எழுதிய அதே புத்தகத்தில் இவற்றையும் எழுதுங்கள்.